கப்பல் சுற்றுலாவில் நம்பிக்கை இல்லாத பெற்றோர், பிள்ளைகளோடு போகலாமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் தம்பி, மே லீவுக்கு எல்லாரும் வந்துவிடுங்கள், மூன்று ராத்திரி கப்பலில் போய் வரலாம் என்கிறார். பிள்ளைகளுக்கு 11 வயது, 5 வயது. கூட வருவது 68 வயது மாமியார். சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலியும் இருக்கிறது. பிள்ளைகள் இப்போதே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் இவருக்கும் வீட்டுக்காரருக்கும் மனசு ஒப்பவில்லை. "மூணு நாள் ஒரு மாலுக்குள்ள அடைச்சு வெச்ச மாதிரி இருக்காதா? வாந்தி வந்தா எங்க இறங்குறது? சின்னவன் கம்பி மேல ஏறிட்டா? இத்தனை ஜனத்தோட கழிவும் கடல்லதானே போய்ச் சேருது?" என்று நான்கு கேள்விகள்.

நான் காட்பாடிக்காரன். கேட்டரிங் படித்துவிட்டு ஒன்பது வருஷம் பயணிகள் கப்பல்களில் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவன். ஊரோடு வந்த பிறகு சொந்தக்காரர், தெரிந்தவர் என்று பல குடும்பங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு ஒத்துவராது, வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களும் உண்டு. உங்கள் வீட்டுக்கு என் பதில், போகலாம் என்பதுதான். மால் என்றதும் கழிவு என்றதும் நியாயமான சந்தேகம். வாந்திக்கு வழி இருக்கிறது. கம்பி விஷயத்தில் பயம் சரி, பயப்படும் இடம்தான் தப்பு.

முதலில் மால். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் மூவாயிரம் பயணிகளுக்கு மேல் ஏறுவார்கள், ஊழியர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஏறிய அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தால், தீபாவளிக்கு முந்தின நாள் லாங் பஜார் நினைவுக்கு வரும். கடை இருக்கிறது, சூதாட்டக் கூடம் இருக்கிறது, நடக்கும்போது நிறுத்திப் போட்டோ எடுத்து அதையும் விற்கப் பார்ப்பார்கள். அதனால் உங்கள் கணக்கு தப்பில்லை. ஊர் பார்ப்பதற்காகக் கப்பல் ஏறுகிறவர்கள் ஏமாந்துதான் இறங்குகிறார்கள். ஒரு துறைமுகத்தில் ஏழெட்டு மணி நேரம் நிற்கும், அதில் இறங்க ஒன்று, திரும்பி ஏற ஒன்று போய்விடும். கோலாலம்பூர் பார்க்க வேண்டும் என்றால் விமானத்தில் போங்கள். கப்பல் நிற்கும் போர்ட் கிளாங்கிலிருந்து அந்த ஊருக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

கப்பலை நான் கல்யாண மண்டபம் மாதிரி பார்க்கிறேன். மூன்று தலைமுறையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். பிள்ளைகள் ஒரு பக்கம் ஓடும், பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்காருவார்கள், பந்தி நேரத்துக்கு எல்லாரும் கூடுவார்கள். ஒரே ஒரு வித்தியாசம், இந்த மண்டபத்தில் நம் வீட்டு ஆள் யாருக்கும் வேலை கிடையாது. வேலூரிலிருந்து ஏற்காடு போனாலும் ஊட்டி போனாலும் வேனில் ஏற்றி இறக்குவது, ரூம் தேடுவது, மாமியாருக்குச் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று ஓட்டல் ஓட்டலாக எட்டிப் பார்ப்பது எல்லாம் உங்கள் தலையில்தான் விழுகிறது. அது மூன்று நாள் இல்லாமல் இருப்பதற்குத்தான் இந்தக் காசு. அதை வேண்டும் என்று நினைக்கிற வீட்டுக்குக் கப்பல் பிடிக்கும்.

என் அப்பா அம்மாவை வைத்தே சொல்கிறேன். அப்பா பள்ளிகொண்டா பக்கம் பம்புசெட் மெக்கானிக். ஊழியர் குடும்பத்துக்குக் கிடைத்த சலுகையில் நான்கு ராத்திரி கூட்டிப்போனேன். "இன்னாத்துக்குடா இந்தத் தண்டச் செலவு" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினார். முதல் நாள் நீச்சல் குளத்தையும் ஆட்டம் பாட்டத்தையும் காட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. இரண்டாம் நாள் காலை குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து கேட்டார், "ஏம்பா, நாலாயிரம் பேரு குளிக்கறாங்க. இந்தத் தண்ணிய எங்கிருந்து ஏத்தறாங்க?" கடல்நீரைத்தான் நல்ல தண்ணீர் ஆக்குகிறார்கள், எஞ்சினில் வீணாகும் சூட்டை வைத்துக் காய்ச்சி ஆவியைக் குளிரவைப்பது ஒரு முறை, சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது இன்னொரு முறை, இரண்டும் கப்பலில் உண்டு என்றேன். அன்றைக்கு முழுக்க அவருக்கு அதே பேச்சுதான். எத்தனை குதிரைசக்தி மோட்டார், பத்தாவது மாடிக்குப் பிரஷர் எப்படி நிற்கிறது, உப்புப் படிந்தால் யார் சுரண்டுவது என்று கேட்டபடியே இருந்தார். எனக்குத் தெரிந்தது பாதி, மீதியை எஞ்சின் பிரிவு நண்பனிடம் கேட்டு வந்து சொன்னேன். கோடையில் 300 அடி போர் போட்டும் காற்று மட்டும் வந்த கிணறுகளைப் பார்த்த மனிதர் அவர். கப்பலை அவர் அந்தத் தண்ணீர்க் குழாய் வழியாகத்தான் ஏற்றுக்கொண்டார்.

அம்மாவுக்கு வேறு. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, எங்கே கழுவுவது என்று சுற்றிலும் பார்த்தார். என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பையன் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அம்மா விரித்த கையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் வரை சாப்பாட்டு மேசையிலிருந்து கடைசியாக எழுந்தவர் அவர்தான்.

உங்கள் வீட்டுக்காரரை எந்த ஆட்டம் பாட்டத்தைக் காட்டியும் சம்மதிக்கவைக்க முயற்சி செய்யாதீர்கள். அவருக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்கிற ஆளா, ஒரு புத்தகம் இருந்தால் போதும் என்கிற ஆளா, எந்திரம் என்றால் கிட்டே போய் நிற்கிறவரா? மூன்றில் ஒன்று என்றாலும் பொழுது போய்விடும். லீவு நாளில்கூட ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகிற மனிதர் என்றால், நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு போய்விட்டு வாருங்கள், வீணாகச் சண்டை வேண்டாம்.

அடுத்து குமட்டல். கண் பார்க்கும் அறை அசையாமல் நிற்கிறது, உள்காது மட்டும் ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. ஏலகிரி ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் பின்சீட்டில் குனிந்து போன் பார்க்கிற பிள்ளைக்கு வாந்தி வருவதும் இதே காரணத்தால்தான். பெரிய கப்பல்களுக்குப் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி நிலைநிறுத்திகள் உண்டு, உருளுவதைப் பெருமளவு அடக்கிவிடும். அதைவிட முக்கியம், எந்தக் கடல் என்பது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு பக்கம் போகும் வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலேசியா, நடுவே ஒதுங்கின கடல். விடியற்காலையில் சில நாள் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். முதன்முதலாகப் போகிறவர்களுக்கு இதைவிட அமைதியான வழி பக்கத்தில் இல்லை. நம் வங்காள விரிகுடாவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் காலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததும் அந்தப் பருவத்தில்தான்.

அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ் மாடியில் கேளுங்கள். ஊஞ்சல் பலகையின் நுனி ஆடுகிற அளவு அதன் கயிறு கட்டின இடம் ஆடாது இல்லையா, அதுபோலத்தான். முன்முனை அறையும் உச்சி மாடி அறையும் விலை அதிகமாக இருந்தாலும் ஆட்டமும் அதிகம். மாத்திரை போடுவதென்றால் குமட்டல் வருவதற்கு முன்னால் போட வேண்டும், வந்த பிறகு போட்டால் நிற்பது கஷ்டம். உங்கள் மாமியாருக்கு மட்டும் நீங்களாக எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த மாத்திரைகள் பலவும் தூக்கத்தையும் தலைசுற்றலையும் கொண்டுவரும், வயதானவர் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிடக் கூடாது. அவருக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். பிள்ளைகளுக்கு இஞ்சி மிட்டாய், மேல்தளத்துக் காற்று, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்வது, பெரும்பாலும் இவ்வளவே போதும்.

சின்னவன் விஷயம். கப்பலின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. ஐந்து வயதுப் பிள்ளை தானாகத் தவறி அதைத் தாண்டி விழுவது நடக்காது. நாற்காலி போட்டோ கம்பியில் கால் வைத்தோ ஏறினால்தான் ஆபத்து. பால்கனி அறை எடுத்தால் நாற்காலிகளை எப்போதும் சுவரோரம் தள்ளி வையுங்கள், கதவின் மேல்தாழ்ப்பாளைப் போடுங்கள். அந்தப் பயமே வேண்டாம் என்றால் பால்கனி இல்லாமல், திறக்க முடியாத ஜன்னல் வைத்த அறை எடுங்கள், செலவும் குறையும். ஜன்னலே இல்லாத உள் அறையில் விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது, முதல் தடவை போகும் பெரியவர்களுக்கு அது வேண்டாம்.

எனக்குப் பயமெல்லாம் நீச்சல் குளத்தின் மேல்தான். எல்லாக் கப்பலிலும் குளத்துக்குக் காவலாள் இருப்பதில்லை. கூட்டமான குளத்தில் ஒரு பிள்ளை மூழ்குவது சத்தமே இல்லாமல் நடக்கும். கையை ஆட்டாது, கத்தாது. நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். பெரியவளுக்கு 11 வயது, அவள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று விடாதீர்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் பெரிய ஆள் ஒருவர், கை எட்டும் தூரத்தில், போன் இல்லாமல். இதில் மட்டும் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று நடக்கும், தவறாமல் போங்கள். முன்பு கப்பல் கிளம்பி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறியிருந்த பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று விதி மாறியது. உங்கள் கூடும் இடம் எது, அறையிலிருந்து எந்தப் படிக்கட்டு என்று பிள்ளைகளையே நடந்து காட்டச் சொல்லுங்கள், விளையாட்டு மாதிரி கற்றுக்கொள்வார்கள்.

கழிவைப் பற்றிக் கேட்டது உங்கள் வீட்டுக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. அந்த ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வி வரத்தான் வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன். கப்பல் கழிவுக்குச் சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக் கூடாது. அரைத்துக் கிருமி நீக்கிய கழிவுநீரை கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம், சுத்திகரிக்காததையே 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும்போது விடலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. புதுக் கப்பல்களில் நல்ல சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. நான் வேலை பார்த்த கப்பல்களில் குப்பையைக் கண்ணாடி, தகரம், காகிதம் என்று கையால் பிரிப்பதற்கே தனி ஆட்கள் இருந்தார்கள். எரிபொருளில் கந்தக அளவை 2020 ஜனவரி முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். இதெல்லாம் முன்னேற்றம்தான். ஆனாலும் பயணிகள் கப்பல் எரிபொருளை நிறையக் குடிக்கும் ஒரு பொழுதுபோக்கு. அதனால் மனசு உறுத்துகிறது என்று ஒருவர் மறுத்தால் அவரிடம் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை, அவர் சொல்வது சரி.

மாமியாருக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் அதிகம் பயன்பெறப் போவது அவர்தான். எல்லா மாடிக்கும் லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலி வேண்டும் என்றால் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம், இட்லியும் சாம்பாரும் சைவச் சாப்பாடும் சாதாரணமாகக் கிடைக்கும். நம் வீட்டுக் காரமோ, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பின் ருசியோ அங்கே எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோக விடமாட்டார்கள். குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. அதைவிட முன்கூட்டியே அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அறையில் விளக்கு ஏற்றக் கூடாது, ஊதுபத்தி, கற்பூரம் கூடாது. நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் கப்பல்காரனுக்கு இல்லை. தினமும் விளக்கேற்றிப் பழகினவர் அங்கே போய்த் தெரிந்துகொண்டால் மூன்று நாளும் மனசு வாடியிருப்பார். வீட்டிலேயே சொல்லிவிட்டால் ஒரு சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

மாமியாரை நினைத்துத்தான், தம்பியிடம் பினாங்கு போகிற பயணமாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன். அங்கே கப்பல் ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே, சுவெட்டன்ஹாம் துறையில் கட்டுகிறது. படகு மாற வேண்டியதில்லை. இறங்கிக் கொஞ்ச தூரத்தில் லிட்டில் இந்தியா, அங்கே குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். மல்லிகைப்பூ வாங்கலாம், தமிழில் விலை கேட்கலாம். முழங்கால் வலிக்காரருக்கு ஒரு துறைமுகத்தில் இதைவிட என்ன வேண்டும்? ஃபூகெட் பக்கம் போகும் கப்பல்கள் பெரும்பாலும் கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோகும். ஆடுகிற படகில் காலை மாற்றி வைப்பது அவருக்குச் சிரமம்.

மருந்து எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகலாம். இன்சுலின் போடுகிறவர் என்றால் குளிர்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், கட்டணம் அதிகம், நம் ஊர் மருத்துவக் காப்பீடு அங்கே பொதுவாகச் செல்லாது. கப்பல் பயணத்துக்கும் செல்லும் வெளிநாட்டுப் பயணக் காப்பீடு தனியாக எடுங்கள், அவருக்கு இருக்கும் சர்க்கரையை மறைக்காமல் எழுதி எடுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எல்லாருக்கும் கட்டாயம். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்கு வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் மட்டும் போதாது.

செலவில் சுருக்கமாக. அறை, சாப்பாடு, நிகழ்ச்சிகள், பிள்ளைகள் கூடம் டிக்கெட்டுக்குள் வரும். துறைமுகக் கட்டணம், ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று போடும் சேவைக் கட்டணம், குளிர்பானம், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. தம்பி சொல்லும் தொகையில் எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பிள்ளைகளுக்கும் அறைச் சாவி அட்டை தருவார்கள், அதிலேயே பொருள் வாங்கலாம். ஏறின உடனே வரவேற்பு மேசையில் சொல்லி அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். போன் எல்லாவற்றையும் ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பில் ஏறும். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்ற நிலை என்றால் இந்த வருஷம் வேண்டாம்.

சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பாருங்கள், கப்பலில் வெளியே போய்த் திரும்புவது மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு. ஏறும் நாளன்று காலை விமானத்தில் போய் இறங்கி அப்படியே கப்பலுக்கு ஓடாதீர்கள். தம்பி வீட்டில் ஒரு நாள் முன்னால் போய்த் தங்குங்கள்.

சென்னையிலிருந்தே போகலாமே என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். 2022 ஜூன் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டிலியா எம்பிரஸ் கப்பல் 1990-ல் கட்டியது, இப்போதைய சிங்கப்பூர்க் கப்பல்களோடு பார்த்தால் சின்னது. 2023-ல் இலங்கையில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய்வந்தது. மும்பை பக்கம் தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் அது பொதுவாக இந்தப் பக்கம் வரும், அதனால் மே லீவுக்கு ஒத்துவருமா என்று அந்த வருஷ அட்டவணையைப் பார்க்க வேண்டும். நமக்குத் துறைமுகம் போவது சுலபம். வேலூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சென்னைக் கடற்கரை ஸ்டேஷன், எதிரே துறைமுகம். தம்பி சிங்கப்பூரில் இல்லாமல் இருந்தால் நானே இதில் இரண்டு ராத்திரி போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். தம்பி அங்கே இருக்கும்போது, பிள்ளைகள் மாமாவோடு நான்கு நாள் இருக்கக் கிடைக்கும்போது, அந்தப் பக்கமே போங்கள்.

இரண்டு அறை எடுங்கள், நடுவே கதவு வைத்த அடுத்தடுத்த அறையாக. ஒன்றில் மாமியாரும் பெரியவளும், இன்னொன்றில் நீங்கள் மூன்று பேரும். ஐந்து பேரை ஒரே அறையில் அடைத்தால் இரண்டாம் நாள் காலை பாத்ரூம் வாசலிலேயே பயணம் கசந்துவிடும். பதிவு செய்யும் முன் அறை எண்ணைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். மாடி வரைபடத்தில் அதற்கு மேலே என்ன, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். நடனக் கூடத்துக்கு மேல் அறை என்றால் ராத்திரி ஒரு மணி வரை தூங்க முடியாது, குளத்துத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும்.